மணியடித்துப் பாடம் சொன்னவர்: புனித பிரான்சிஸ் சவேரியார்

ரப்பர் கன்று நட்டவன் ஆறேழு ஆண்டில் பால் வெட்டலாம் என்று கணக்குப் போடுவான். செம்பனை நட்டவன் மூன்று நான்கு ஆண்டில் குலை பார்ப்பான். பிள்ளைக்குப் பாடம் சொன்னவனுக்கு இப்படி ஒரு கணக்கு இல்லை. சொன்னது அந்தப் பிள்ளையின் மனத்தில் தங்கியதா, காற்றோடு போனதா என்பது வகுப்பறையில் தெரிவதில்லை. பல வேளைகளில் ஆசிரியரின் வாழ்நாளிலும் தெரிவதில்லை.

சமயக் கல்விக்கு இது இன்னும் பொருந்தும். அதற்குத் தேர்வு உண்டு. மதிப்பெண் போடவும் முடியும். ஆனால் மனப்பாடமாகச் சொன்ன மன்றாட்டு ஒரு மனிதனின் துன்ப நாளில் துணை நின்றதா என்பதற்கு மதிப்பெண் போட யாராலும் இயலாது. இந்த நிச்சயமின்மையோடு வாழ்ந்து, கற்பித்து, விளைவைக் காணாமலே கண்மூடிய ஓர் ஆசிரியரின் வாழ்க்கைதான் இக்கட்டுரை. தமிழகக் கடற்கரையையும் நம் நாட்டு மலாக்காவையும் ஒருசேர மிதித்த கால்கள் அவருடையவை. அவர் புனித பிரான்சிஸ் சவேரியார்.

கோட்டையும் கல்லூரியும்

இன்றைய ஸ்பெயினின் வடபகுதியில் அன்று நவார் என்றொரு சிறிய அரசு இருந்தது. அங்கே சவேரியார் கோட்டையில் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் பிரான்சிஸ் பிறந்தார். பிறந்த கோட்டையின் பெயரே அவருக்கு நிலைத்தது. தந்தை அரசனின் அவையில் உயர்பதவி வகித்தவர். ஆனால் 1512இல் நவார் படையெடுப்புக்கு இரையாயிற்று. 1515இல் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டே கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடிக்கப்பட்டன. பத்து வயதுச் சிறுவன் தன் குடும்பத்தின் பெருமை மண்ணாவதைக் கண்ணெதிரே கண்டான்.

இழந்த பெருமையைக் கல்வியால் மீட்கலாம் என்ற எண்ணத்தோடு 1525இல் அவர் பாரிஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். புனித பார்பரா கல்லூரியில் தங்கிப் படித்தார். விளையாட்டிலும் வல்லவர், நண்பர் கூட்டமும் பெரிது. 1530இல் முதுகலைப் பட்டம் பெற்று, அதே நகரில் தத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். நல்ல பதவியும் வசதியான வாழ்வும் எட்டும் தூரத்தில் இருந்தன.

1529இல் அவருடைய அறைக்கு ஒரு புது மாணவர் வந்து சேர்ந்தார். வயதில் மூத்தவர்; போரில் காயம்பட்டுக் கால் ஊனமானவர். அவர்தான் லொயோலா இஞ்ஞாசியார். அவருடைய பக்திப் பேச்சைச் சவேரியார் முதலில் கேலிதான் செய்தார். இஞ்ஞாசியார் வாதிடவில்லை. சவேரியாருடைய விரிவுரைக்கு மாணவர்களைச் சேர்த்துக் கொடுத்தார்; கைச்செலவுக்குத் திண்டாடியபோது பணம் திரட்டிக் கொடுத்தார். ஆண்டுக் கணக்கில் பொறுத்திருந்தார். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்குக் கற்பித்தவர், தாமே எளிதில் வளையாத ஒரு மாணவராக இருந்தவர் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

1534 ஆகஸ்ட் 15இல் பாரிசின் மொன்மார்த்ர் குன்றில் எழுவர் கூடி வறுமையும் கற்பும் காப்பதாக உறுதி எடுத்தனர். அந்த எழுவரில் சவேரியாரும் ஒருவர். 1537இல் வெனிஸ் நகரில் குருப்பட்டம் பெற்றார். அந்தச் சிறு குழுவே 1540இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்று இயேசு சபை ஆயிற்று.

அதே ஆண்டு போர்த்துகல் மன்னர் இந்தியாவுக்குக் குருக்களை அனுப்பும்படி கேட்டார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் நோயுற்றதால், அவருக்குப் பதிலாகச் சவேரியார் புறப்பட்டார். இஞ்ஞாசியாரை அவர் மறுபடி சந்திக்கவே இல்லை. 1541 ஏப்ரல் 7இல், தம் 35ஆவது பிறந்த நாளில், லிஸ்பனிலிருந்து கப்பல் ஏறினார். பயணம் ஓராண்டுக்கு மேல் நீண்டது. 1542 மே 6இல் கோவா வந்து சேர்ந்தார்.

முத்துக்குளித்துறையில்

கோவாவில் அவர் முதலில் செய்த வேலை, பாரிஸ் பட்டதாரி ஒருவர் செய்வார் என்று யாரும் எதிர்பார்க்காதது. கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்துக்கொண்டு போனார். சிறுவர்களும் அடிமைகளும் கூடினர். அவர்களைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று மன்றாட்டுகளைப் பாட்டாகச் சொல்லிக் கொடுத்தார்.

அதே ஆண்டு இறுதியில் அவர் தமிழகத்தின் தென்கடற்கரைக்கு வந்தார். கன்னியாகுமரி தொடங்கி வடக்கே நீளும் அப்பகுதியை முத்துக்குளித்துறை என்பர். கொற்கை முத்தின் புகழைச் சங்க இலக்கியம் படித்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கு வாழ்ந்த பரதவர்கள் வணிகப் பகையால் நெருக்குண்டு, போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடினர். 1535க்கும் 1537க்கும் இடையில் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். பெயர் மாறியது; அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. அவர்களுக்குக் கற்பிக்க ஆளில்லை. என்ன நம்புகிறீர்கள் என்று கேட்டால், கிறித்தவர்கள் என்பதற்குமேல் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. குறை அவர்களுடையது அன்று. அவர்களுக்குப் போர்த்துகீசியம் தெரியாது. வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது.

சவேரியாருக்கும் தமிழ் தெரியாது. கோவாவில் படித்துவந்த அக்கரையின் இளைஞர் சிலர் உடன்வந்தனர். இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களை உட்கார வைத்து, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, இயேசு கற்பித்த மன்றாட்டு, மங்கள வார்த்தை, பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கச் செய்தார். பிறகு தாமே அவற்றை மனப்பாடம் செய்தார். அரிஸ்டாட்டிலைக் கற்பித்தவர், அரிச்சுவடி படிக்கும் பிள்ளையைப்போல் ஒவ்வொரு சொல்லாக உச்சரித்துப் பழகினார்.

சொல்லைத் திருத்திய ஆசிரியர்

அந்த மொழிபெயர்ப்பு பிழையற்றதாக இருக்கவில்லை. 1544இல், பக்கத்து ஊர்களில் பணியாற்றிய தம் தோழர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் சவேரியார் இரண்டு திருத்தங்களைத் தெரிவிக்கிறார். தமிழ் படிப்போர் அறிய வேண்டிய செய்தி இது.

விசுவாச அறிக்கையில் கடவுளை நம்புகிறேன் என்று வரவேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல் இடம்பெற்றிருந்தது. அது விருப்பத்தைக் குறிக்குமே தவிர நம்பிக்கையைக் குறிக்காது என்று உணர்ந்து, விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை அங்கே வைக்கச் சொன்னார். இயேசுவின் பாடுகளைக் கூறும் இடத்தில் வன்பினாலே என்றிருந்தது. வன்முறைக்கு அகப்பட்டு அவர் இறந்தார் என்ற பொருளை அது தந்துவிடும். அவர் மனமுவந்து ஏற்ற துன்பம் அது. ஆகவே அந்தச் சொல்லையும் விலக்கச் சொன்னார்.

அவர் தமிழ்ப் புலவர் அல்லர். அந்த மொழியில் சரளமாகப் பேசவும் அவருக்கு வரவில்லை. ஆயினும் பிள்ளைகளின் வாயில் ஏறும் சொல் சரியாக இருக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்தது. தவறான சொல்லைச் சொல்லிப் பழகிய பிள்ளை அதையே தன் பிள்ளைக்கும் சொல்லும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பிள்ளைகளே ஆசிரியர்கள்

ஓர் ஊருக்குச் சென்றதும் மணியடித்துச் சிறுவர்களை நாள்தோறும் இருமுறை கூட்டுவார். ஏறத்தாழ ஒரு மாதம் இப்படிப் பாடம் நடக்கும். படித்த பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் வேலையாட்களுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுவதும் கூடும். சவேரியார் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, எல்லாரும் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள்.

பிள்ளைகள் அவரை விடவில்லை. புதிதாக ஒரு செபத்தைச் சொல்லிக் கொடுக்கும்வரை உண்ணவும் உறங்கவும் தம் திருப்புகழைச் செபிக்கவும் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. நோயுற்றோர் வீடுகளிலிருந்து அழைப்பு வந்தபடி இருந்தது. எல்லா இடத்துக்கும் தாம் போக இயலாதபோது, மன்றாட்டு அறிந்த சிறுவர்களை அனுப்பினார். பத்து வயதுப் பிள்ளை ஒன்று படுக்கையருகில் நின்று செபம் சொல்ல, பெரியவர்கள் அதைப் பின்தொடர்ந்தனர்.

ஊரைவிட்டுப் புறப்படும்போது எழுதிய படி ஒன்றை விட்டுச் செல்வார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் படியெடுத்துக்கொள்வர். ஊருக்கு ஒருவரைப் பொறுப்பாளராக நியமித்து, தாம் இல்லாதபோது வகுப்பு நடத்தச் செய்தார். கணக்கப்பிள்ளை என்று பின்னாளில் அழைக்கப்பட்ட உபதேசியார்களின் தொடக்கம் இதுவே. அவர்களுடைய ஊதியத்துக்காக, போர்த்துகல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கென ஒதுக்கியிருந்த பணத்தைக் கேட்டு வாங்கினார் என்பது அவர் வரலாற்றில் சுவையான ஒரு பகுதி.

1544ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் ஐரோப்பாவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், தாம் படித்த பல்கலைக்கழகத்தை நினைத்துக்கொண்டார். அங்கே அறிவு மிகுந்தோர் பலர் உண்டு. அந்த அறிவைப் பிறருக்குப் பயன்படுத்தும் மனம் அந்த அளவுக்கு இல்லை என்பது அவர் வருத்தம். பாரிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பித்துப் பிடித்தவன்போல் கூவி அழைக்கலாமா என்றுகூடத் தோன்றியதாக எழுதினார். அக்கடிதம் 1545இல் பாரிசிலேயே அச்சேறிப் பலரை அசைத்தது.

மறைக்கக் கூடாத பக்கம்

சவேரியாரைப் புகழ்வதோடு நிறுத்தினால் அது வரலாறு ஆகாது. தாம் கற்பித்த சிறுவர்களைக்கொண்டே வீடுகளில் இருந்த தெய்வ உருவங்களை உடைக்கச் செய்தார் என்பதை அவருடைய கடிதங்களே காட்டுகின்றன. கோவாவில் சமய விசாரணை மன்றம் வேண்டும் என்று 1546இல் மன்னருக்கு எழுதியவரும் அவரே. அது அவர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின் 1560இல் அமைந்து, பலருக்குக் கொடிய துன்பம் இழைத்தது. காணாத விளைவு என்றால் அதில் நன்மை மட்டும் அடங்குவதில்லை; ஆசிரியர் விதைத்த கடுமையும் அவருக்குப் பின் முளைக்கும். பல சமயத்தார் ஒரே வரிசை வீடுகளில் வாழும் மலேசியாவில் இதை நாம் கூர்ந்து படிக்க வேண்டும்.

அதே மனிதர் எளியோருக்காகத் தம் நாட்டு அதிகாரிகளோடு மோதியதும் உண்மை. 1544 ஜூனில் வடுகர் படை கடற்கரை ஊர்களைச் சூறையாடியபோது, மக்கள் குமரிமுனைப் பாறைகளில் ஒதுங்கி உணவும் நீரும் இன்றித் தவித்தனர். மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் பொருள் ஏற்றிக்கொண்டு சவேரியார் புறப்பட்டார். எதிர்க்காற்று அவரைத் தடுத்தது. பல நாள் போராடியும் தோணிகள் கரைசேரவில்லை. பிறகு தரைவழியே நடந்து சென்று மக்களைக் கண்டார். பரதவரைச் சுரண்டிய போர்த்துகீசிய அதிகாரிகளைக் கண்டித்து அவர் எழுதியவை பல.

அவ்வாண்டு இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாக அவர் எழுதினார். எண்ணிக்கை ஐரோப்பாவை வியக்க வைத்தது. ஆனால் எண்ணிக்கை நிலைக்குமா என்பதற்கு அவரிடம் உறுதி இல்லை. முத்துக்குளித்துறையில் அவர் உழைத்தது மொத்தம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே. கற்பித்த பிள்ளைகள் வளர்ந்து ஆளாவதைப் பார்க்க அவர் தங்கவில்லை.

மலாக்காவில்

1545இல் மயிலாப்பூரில் சில மாதம் தங்கியபின், செப்டம்பர் இறுதியில் அவர் மலாக்கா வந்திறங்கினார். பல இனத்தாரும் பல மொழியாரும் கலந்த துறைமுகம் அது. இங்கும் மணி, இங்கும் சிறுவர்கள். தமிழில் செய்ததையே இங்கு மலாயில் செய்தார். மன்றாட்டுகளையும் கட்டளைகளையும் மலாய் மொழியில் ஆக்கி மனப்பாடம் செய்தார். தமிழிலும் மலாயிலும் பாடம் சொன்னவர் என்ற வகையில் அவர் நம் மண்ணுக்கு அந்நியர் அல்லர்.

அங்கிருந்து 1546 ஜனவரியில் அம்போன் நோக்கிக் கிளம்பினார். பின்னர் தெர்னாத்தே தீவில், தெருவில் சிறுவரும் கடலில் மீனவரும் பழைய பாட்டுகளை விட்டுவிட்டுத் தாம் கற்பித்த மன்றாட்டுகளைப் பாடுவதைக் கேட்டு மகிழ்ந்தார். 1547இல் மீண்டும் மலாக்கா. அங்கே யாஜிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். அதன் விளைவாக 1549 ஜூன் மாதம் மலாக்காவிலிருந்து புறப்பட்டு ஆகஸ்ட் 15இல் ககோஷிமாவில் கால்வைத்தார். அங்கே பெருங்கூட்டம் சேரவில்லை. இரண்டே கால் ஆண்டு உழைப்புக்குப் பின் விட்டுவந்தது சில சிறு குழுக்களை மட்டுமே.

அடுத்து சீனா செல்ல விரும்பினார். மலாக்காவின் தளபதி தடை போட்டார். ஆயினும் சான்சியன் தீவுவரை சென்றார். உள்ளே அழைத்துச் செல்வதாக வாக்களித்த வணிகன் வரவில்லை. எதிரே சீனக் கரை. இவர் குடிசையில் காய்ச்சலோடு. 1552 டிசம்பர் 3இல், 46ஆம் வயதில் உயிர் பிரிந்தது. அருகில் இருந்தவர் அந்தோனியோ என்ற சீன இளைஞர்; கோவாவில் கல்வி கற்றவர்.

1553 மார்ச்சில் அவர் உடல் மலாக்காக் குன்றின் மேலிருந்த கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. இதற்கிடையில் ஜூன் மாதம், நண்பர் இறந்து ஆறு மாதமாகிவிட்டதை அறியாத இஞ்ஞாசியார், ஐரோப்பா திரும்பும்படி அவருக்கு உரோமையிலிருந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1622இல் இருவரும் ஒரே நாளில் புனிதராக அறிவிக்கப்பட்டனர்.

அவர் காணாத விளைச்சல்

அவர் இறந்து 14 மாதங்கள் கழித்து, 1554 பிப்ரவரியில், லிஸ்பனில் உரோமன் எழுத்தில் தமிழ்ச் செப நூல் ஒன்று அச்சேறியது. முத்துக்குளித்துறையில் அவருக்குப் பின் பொறுப்பேற்ற அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, இலக்கணமும் எழுதினார். அவர் ஆக்கிய தம்பிரான் வணக்கம் 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சானது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது; 16 பக்கம்தான். மறுஆண்டு கொச்சியில் வந்த கிரீசித்தியானி வணக்கம், சிறுவர்க்கென்றே வினாவிடையாக எழுதப்பட்ட போர்த்துகீசிய நூலின் தமிழாக்கம். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டும் தேவையே நம் மொழியை அச்சு உலகுக்கு அழைத்து வந்தது. மணியடித்தவருக்கு இது கனவிலும் தோன்றியிராது.

1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். பால்தேயுஸ் என்ற டச்சுப் போதகர் பரதவரைத் தம் சபைக்குத் திருப்ப முயன்றார், அவர்கள் அசையவில்லை. அப்போது சவேரியாரை நேரில் கண்ட ஒருவரும் உயிரோடு இல்லை. தாத்தா பாட்டி சொன்னது மட்டுமே அவர்களிடம் இருந்தது. அந்தத் தாத்தா பாட்டிக்குச் சொன்னவர்கள் மணியோசை கேட்டு ஓடிவந்த பிள்ளைகள்.

ஜப்பானில் இன்னும் வியப்பு. சமயத் தடையால் 200 ஆண்டுகளுக்கு மேல் அங்கே குருக்களே இல்லை. 1865 மார்ச்சில் நாகசாக்கியின் ஊரா ஆலயத்துக்குச் சில கிராமத்தார் வந்து, தாங்களும் அதே நம்பிக்கை உடையவர்கள் என்று பிரெஞ்சுக் குருவிடம் மெல்லச் சொன்னார்கள். மறைவாகத் தலைமுறை தலைமுறையாக வாய்வழியே மன்றாட்டைக் காத்துவந்தவர்கள் அவர்கள். சவேரியார் ககோஷிமாவில் இறங்கி அப்போது 316 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நமக்கு

இன்று மலாக்காவின் புனித பவுல் குன்றில், கூரையற்ற பழைய கோயிலின் முன் வலக்கை இழந்த சவேரியார் சிலை நிற்கிறது. பினாங்கில் 1852இல் தொடங்கிய பள்ளியும் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேவாலயமும் அவர் பெயரைத் தாங்குகின்றன. இவற்றைவிட உயிருள்ள நினைவுச் சின்னம் வேறு உண்டு. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் ஆலயங்களில் மறைக்கல்வி வகுப்பு நடத்தும் தொண்டாசிரியர்கள்தாம் அது. ஊதியம் இல்லை, மாணவர்கள் கைப்பேசியைப் பார்ப்பார்கள், உறுதிபூசுதல் முடிந்ததும் பலர் வருவதை நிறுத்திவிடுவார்கள். பயன் என்ன என்று அந்த ஆசிரியர் மனம் சோர்வது இயல்பே.

இந்தச் சோர்வு அவர்களுக்கு மட்டும் உரியதன்று. புத்ராஜெயா எழுவதற்காகத் தோட்டங்களை விட்டு டெங்கிலுக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வார இறுதியில் பாடம் சொல்லித்தரும் பல்கலைக்கழக மாணவருக்கும் இதே கேள்வி எழும். தேவாரம் சொல்லித்தரும் சமய வகுப்பு ஆசிரியருக்கும் எழும்.

சவேரியார் வாழ்க்கை அதற்குத் தரும் விடை எளிது. சொல்வதைச் சரியாகச் சொல்ல வேண்டும். வேணும் என்ற ஒரு சொல்லைக்கூடத் திருத்த வேண்டும். பிள்ளையை நம்பி அதன் கையிலேயே பாடத்தை ஒப்படைக்க வேண்டும். தாம் போனபின்னும் வகுப்பு நடக்க ஒருவரை அமர்த்திவிட்டுப் போக வேண்டும். அன்பை விதைக்கிறோமா, பகையை விதைக்கிறோமா என்று அவ்வப்போது நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆசிரியரின் பொறுப்பு இத்துடன் முடிகிறது. விளைச்சலை எண்ணும் வேலை நம்முடையதன்று.